கடதாசிப் பனியில் வந்த மாப்பிள்ளை

மூன்று வாரமாக இந்தப் பத்தியைக் காணவில்லையே, உமக்கு என்ன நடந்தது என்று விசாரித்து எழுதியவர்களுக்கு முதலில் பதில். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணம்தான் நடந்தது.

வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். நல்லபடியாகத்தான் நடந்தது — முகூர்த்தத்துக்குச் சற்று முன் ஓர் எஞ்சின் சூடேறி நின்றதைத் தவிர.

கார் எஞ்சின் என்றால் இதை எழுதியே இருக்க மாட்டேன். மாப்பிள்ளை கார் வழியில் நிற்காத கல்யாணம் லண்டனில் எத்தனை? இது ஸ்னோமொபைல். பனிமலையில் ஓடுகிற வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பதுபோல அகலமான ரப்பர்ப் பட்டி. நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதில் ஏறி நின்று படம் அனுப்புவார்களே, அதே வண்டி. அது சவுத்தாலில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் பார்க்கில், தை மாதத்துக் காய்ந்த காலையில் நிற்கிறது. அதன்மேல் பட்டு வேட்டி, தலைப்பாகையோடு என் மாப்பிள்ளை.

லண்டனில் பனிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டேன்.

இந்த ‘என்ட்ரி’ வியாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் மாப்பிள்ளை என்றால் மண்டப வாசலில் வந்து இறங்குவார். காலைக் கழுவுவார்கள், உள்ளே போவார். இப்போது அப்படி வந்தால் அவர் மாப்பிள்ளையே இல்லை. ஒருவர் குதிரையில் வந்தார். அடுத்தவர் ஹெலிகொப்டரில் வந்தார். இன்னொருவர் பழைய தீயணைப்பு வண்டியின் ஏணியில் இருந்து இறங்கினார்... அவர் வேட்டி அந்த ஏணியில் மாட்டிக்கொண்ட கதை தனி. என் கல்யாணத்தைப் பேசி முடிக்க இரண்டு வீட்டாருக்கும் இரண்டு கிழமை போதுமாக இருந்தது. மாப்பிள்ளை எதில் வருவார் என்று முடிவெடுக்க நான்கு மாதம் ஆனது.

முடிவெடுத்தவர் குகன். மாப்பிள்ளை ஜனாவின் அக்காவைக் கட்டியவர். ஜனாவுக்கு அத்தான், முறைப்படி எனக்கு அண்ணை. ஸ்ட்ரெதமில் டயர்க் கடை வைத்திருக்கிறார். டயர் மாற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குடும்பத்தில் அவருக்குப் பெயர் ‘எஞ்சினியர்’. “எஞ்சினியரைக் கேளுங்கோ”, “எஞ்சினியர் வரட்டும்”, “எஞ்சினியருக்கு ஒரு பிளேன்ரீ ஊத்துங்கோ”. யார் வைத்த பட்டம், எப்போது வைத்தது, ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் மறுக்கத் தோன்றியதில்லை.

பட்டம் என்றதும் கல்யாணக் கார்டு ஞாபகம் வருகிறது. எங்கள் கார்டுகளை நீங்கள் அறிவீர்கள். பெயருக்குப் பின்னால் படிப்பு, வேலை, நாடு எல்லாம் வால்போல நீளும். என் அப்பா பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். எட்டு வயதில் மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர். அம்மா மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் இரண்டு பக்கத்துப் பரம்பரையிலும் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி எழுதுகிறேன், திமிர் என்று சிலர் கடிதம் போடுகிறார்கள். ஓம், திமிர்தான்.

படித்தது இயந்திரப் பொறியியல். வேலை குளிரூட்டுகிற இயந்திரங்களோடு. பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் இரைந்துகொண்டிருக்குமே, அவற்றோடுதான். சுருக்கமாகச் சொன்னால், சூடு எங்கே இருந்து வருகிறது, எங்கே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கார்டின் முதல் மாதிரி வந்தபோது என் பெயருக்குப் பின்னால் பொறியியல் பட்டத்தின் நான்கு எழுத்துகள் இருந்தன. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. “எது பிள்ளை அது?” என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் பெருவிரலை வைத்தார்.

இரண்டாம் மாதிரியில் அந்த எழுத்துகள் இல்லை. ஜனாவின் அம்மா, என் மாமியார் ஆகப் போகிறவர், போன் எடுத்தார்.

“பிள்ளை, குறை நினையாதை. அவனுக்குப் பின்னால போட ஒண்டும் இல்லை. பொம்பிளைக்கு மட்டும் போட்டால் கார்ட் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்குமாம். எஞ்சினியர்தான் சொன்னவர்.”

எஞ்சினியர் சொன்னாராம்!

அப்பா “நாலு எழுத்துத்தானே, விடு பிள்ளை” என்றார். சொல்லிவிட்டு முதல் மாதிரிக் கார்டை மடித்துத் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டார். விட்டவர் செய்கிற வேலையா அது?

ஜனாவிடம் கேட்டேன். “அம்மாவோட கதைக்கிறன்” என்றார். அதைச் சொல்லி நான்கு மாதம் போனது. ஜனா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து ஆட்களை மீட்பதில் கெட்டிக்காரர். அம்மா, அத்தான் என்று வந்தால் மட்டும் தானே இரண்டு மாடிக்கு நடுவில் போய் நின்றுவிடுவார்.

எனக்கு அந்த நான்கு எழுத்துக்கூடப் பெரிதில்லை. இந்த மனிதர் நான் சொல்வது சரி என்று தன் வீட்டாருக்கு முன்னால் ஒருமுறையாவது வாய் திறந்து சொல்வாரா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாலிக்கு முன்னால் தெரிய வேண்டியிருந்தது. பின்னால் தெரிந்து என்ன பிரயோசனம்?

சரி, வண்டிக்கு வருவோம்.

ஸ்னோமொபைல் என்று முடிவானதும் ஜனா வீட்டில் வைத்தே நான் குகன் அண்ணையிடம் கேட்டேன். “அண்ணை, இது பனி இல்லாமல் ஓடாது. பனி இருக்கோ?”

“ஓடர் குடுத்திட்டன் பிள்ளை. பன்னிரண்டு பை.”

“எஞ்சின் சூடாகுமே...”

“நான் என்ர யார்டில ஓட்டிப் பாத்திட்டன். சும்மா பூனை மாதிரி நிக்குது. நீர் சாறியைத் தெரிவு செய்யும், வண்டியை நான் பாக்கிறன்.”

பிறகுதான் தெரிந்தது, அவர் ஓட்டிப் பார்த்தது இரண்டே நிமிடம். அதுவும் கொட்டுகிற மழையில்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் முதல் மாடியில் மணமகள் அறை. ஜன்னலுக்கு நேர் கீழே கார் பார்க். என் முகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் சென்னையில் இருந்து வந்த ஒரு மேக்கப் அக்கா. என்னை என் நிறத்தில் இருந்து இரண்டு படி மேலே ஏற்றியே தீருவேன் என்று உறுதியாக இருந்தார்.

“அக்கா, இது என்ர கலர் இல்லையே?”

“ஆமா மேடம். இதுதான் போட்டோ கலர். கண்ண மூடுங்க.”

நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். மற்றக் கண்ணால் கீழே பார்த்தேன். கார் பார்க் முழுக்க வெள்ளை! வேலிக் கரை, நடைபாதை, வண்டி ஓடும் வழி எல்லாம் பனி. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் குகன் அண்ணையைத் தவறாக நினைத்துவிட்டேனே என்று கொஞ்சம் வெட்கப்பட்டேன். மனிதர் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

வண்டி வந்தது. சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் தார் ரோட்டில் உருள்வதற்குச் சின்னச் சில்லுகள், சக்கரங்கள், பூட்டியிருந்தார்கள். ஜனாவே ஓட்டி வந்தார். வாசலுக்கு நேரே வந்து இறங்கவேண்டியதுதானே? இல்லை. மேலே ட்ரோன் பறக்கிறது, அதற்காகக் கார் பார்க்கை மூன்று முறை சுற்ற வேண்டுமாம். முதல் சுற்று நன்றாக இருந்தது. இரண்டாம் சுற்றில் வண்டியின் சத்தம் மாறியது. வேலை காரணமாக எனக்கு அந்தக் காது உண்டு. மூன்றாம் சுற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது, பீப் பீப் என்று கத்தியது, எரிந்த ரப்பர் மணம் மேலே வரை வந்தது. வாசலுக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போது வண்டி தானாகவே நின்றது. எங்கள் ஆட்களுக்கு முன்பே அதற்குப் புத்தி வந்துவிட்டது.

மணி பத்து ஐம்பது. முகூர்த்தம் பதினொன்று ஐந்துக்குத் தொடங்கி பதினொன்று நாற்பதுக்கு முடிகிறது.

நாற்பது மீட்டர். இறங்கி நடந்தால் ஒரு நிமிடம். ஜனா ஒரு காலைத் தூக்கினார்.

“ஐயோ தம்பி, இறங்காதை!” என்று கத்தினார் மாமி. “ஏறின மாப்பிள்ளை பாதி வழியில இறங்கினால் கூடாது!”

யார் சொன்ன சாத்திரம் இது? பிறகு ஐயரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. ஸ்னோமொபைலுக்கு எந்தக் காலத்தில் சாத்திரம் எழுதினார்கள்? ஆனால் “கூடாது” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நானூறு பேரும் ஆமோதிப்பார்கள். தூக்கிய காலை ஜனா மறுபடி வைத்தார்.

பிறகு தொடங்கியது வைத்தியம். ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“தெர்மோஸ்டாட்” என்றார் குகன் அண்ணை. “இது தெர்மோஸ்டாட் ஒட்டிப்போச்சு.”

“கூலண்ட் காணாதோ, குறைஞ்சு போச்சோ?” என்றார் ஒரு மாமா.

“எஞ்சினை நிப்பாட்டாமல் றேஸ் பண்ணுங்கோ, காத்துப் பட்டால் ஆறும்” என்றார் இன்னொருவர். நிற்கிற வண்டிக்கு எங்கே இருந்து காற்றுப் படும் என்று அவர் சொல்லவில்லை.

“எல்லாம் கண்ணூறு. ஒரு தேசிக்காயை வெட்டுங்கோ” என்று திருஷ்டிக்கு எலுமிச்சை கேட்டார் மூன்றாமவர்.

ஐயர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். “கெதியாப் பாருங்கோ, எனக்கு ரெண்டு மணிக்கு ஹரோவில இன்னொரு கலியாணம் கிடக்கு.”

மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதற்காக என் தம்பி செம்பில் தண்ணீரோடு நின்றான். ஒருவர் அந்தச் செம்பைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். மறுபடி செம்பைப் பார்த்தார்.

“குடுக்காதை!” என்று ஜன்னலில் இருந்து கத்தினேன். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும். தம்பி நிமிர்ந்து பார்த்து, செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

அப்போதுதான் பார்த்தேன். குகன் அண்ணை வண்டியின் முன் மூடியைத் திறந்து, சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு, கூலண்ட் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகப் போகிறார். வண்டியில் இருந்தபடியே பக்கத்தில் குனிந்து பார்ப்பது ஜனாவின் முகம்.

உங்களில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் உள்ளே அடைபட்டிருக்கிற கொதிநீர் மேலே பாயும். முகத்தில் பாயும்.

ஜனாவுக்கு போன் போட்டேன். பட்டு வேட்டியில் ஏது பை? போன் அவர் அக்காவின் கைப்பையில். அக்கா ட்ரோனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றா. தம்பிக்குப் போட்டேன். அவன் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருந்தான். ஜன்னலில் நின்று மறுபடியும் கத்தினேன். நாதஸ்வரக்காரர்களுக்கு அந்த நேரம் பார்த்து உற்சாகம் வந்துவிட்டது.

எழும்பினேன்.

“மேடம், எங்க போறீங்க? ஐயர் கூப்பிடறதுக்கு முன்னாடி பொண்ணு வெளிய வரக்கூடாது. டச்-அப் வேற முடியல!”

“ரெண்டு நிமிசம் அக்கா.”

“ஒரு கண்ணுக்குத்தான் மை போட்டிருக்கேன்!”

பின் படிக்கட்டால் இறங்கினால் சமையல் அறை. தலையில் இரண்டு கிலோ பூ, காலில் வீட்டில் இருந்து போட்டு வந்த ஓட்டச் சப்பாத்து, ரன்னிங் ஷூ. வடை சுட்டுக்கொண்டிருந்த கேட்டரிங் அக்கா என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா.

“என்ன பிள்ளை, பசிக்குதோ?”

“இல்லை அக்கா. ஐஸ் இருக்கோ?”

“இருக்கு. அது மாம்பழ ஜூசுக்கு.”

“நாலு வாளி வேணும். கார் பார்க்குக்கு அனுப்புங்கோ.”

“நாலு வாளியோ! ஆருக்கு அடிபட்டது?”

“இன்னும் ஒருத்தருக்கும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கார் பார்க்கில் நான் சொன்ன முதல் வசனம், “அண்ணை, கையை எடுங்கோ!”

நாதஸ்வரம் நின்றது. நானூறு பேரும் திரும்பினார்கள். மேலே ட்ரோனும் திரும்பியது. மாமி நெஞ்சில் கை வைத்தா.

“பொம்பிளை ஏன் வெளியில வந்தவ? ஆர் விட்டது?”

“மாமி, அந்த மூடியைத் திறந்தால் உங்கட மகனுக்கு முகம் அவிஞ்சு போகும்.”

குகன் அண்ணை சிரித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, அவர்களும் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தார். “நான் இருபத்தைஞ்சு வருசமா வாகனத்தோட நிக்கிறன் பிள்ளை. இது தெர்மோஸ்டாட். நீர் மேல போய் இரும், மை அழியப் போகுது.”

நான் குனிந்து அந்தப் பனியை ஒரு பிடி அள்ளினேன்.

குளிரவில்லை. உருகவில்லை. கசக்கினால் நைந்து கிழிந்தது.

கடதாசி! வெறும் காகிதத் துகள், படப்பிடிப்புக்குத் தூவுகிற கடதாசிப் பனி. பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். பன்னிரண்டு பை!

இந்த வண்டியின் சூட்சுமத்தை உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். காரில் இருப்பதுபோல இதில் ரேடியேட்டரும் இல்லை, காற்றாடியும் இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம் சூட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போகும். அங்கே பட்டிக்கு மேலே கூரைபோல அலுமினியத் தகடு. பட்டி சுழலும்போது கீழே கிடக்கும் பனியை வாரி அந்தத் தகட்டில் அடிக்கும். பனி சூட்டை வாங்கிக்கொண்டு உருகும், திரவம் குளிர்ந்து திரும்பும். ஆக, இந்த வண்டிக்குப் பனிதான் ரேடியேட்டர்.

எங்கள் வண்டியின் பட்டி வாரி அடித்தது ஈரக் கடதாசியை. அது தகட்டில் போய் ஒட்டி, சூட்டில் காய்ந்து, பலகைபோல ஆகிவிட்டது. குளிரவைக்க வேண்டிய இடத்துக்கு எங்கள் ஆட்கள் கம்பளி போர்த்திவிட்டிருக்கிறார்கள்.

வெள்ளையாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். என் முகத்தில் அப்பியிருந்ததும் அதே நம்பிக்கைதான்.

இதையெல்லாம் நான் சத்தமாகத்தான் சொன்னேன். குகன் அண்ணை கேட்டுவிட்டு, என்னிடம் அல்ல, ஜனாவிடம் சொன்னார். “தம்பி, நீ அவவை மேல போகச் சொல்லு. நான் மூடியைத் திறந்து பாக்கிறன்.”

எல்லோரும் ஜனாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மாமியும் பார்த்தா. கூட்டத்தின் ஓரத்தில் அப்பா நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை, பர்ஸ் இருக்கிற பக்கத்து உடுப்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஜனா தலைப்பாகையைக் கழற்றினார். வியர்த்திருந்தது.

“அத்தான்,” என்றார். “நீங்கள் டயர் பாக்கிறனியள். அவ எஞ்சினியர். அவ சொல்லுறதைச் செய்யுங்கோ.”

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிகிற வசனம். அதை வெளியே எடுக்க ஒரு மனிதனுக்கு நான்கு மாதமும், ஒரு ஸ்னோமொபைலும் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு வேலை நடந்தது. மருதாணிக் கையோடு பட்டிக்குள் கைவிட்டுக் கடதாசியைப் பிடுங்கினேன். ஜனாவின் தோழனும் என் தம்பியும் பிடுங்கினார்கள். செம்பை ஐயர் வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டரிங் அக்கா நான்கு வாளியையும் தானே இரண்டு நடையாகக் கொண்டு வந்தா. “இனி ஜூஸ் சூடாத்தான் குடிக்க வேணும், சொல்லிப்போட்டன்” என்று அறிவித்தும் விட்டா. ஐஸை எஞ்சினில் படாமல், பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் அள்ளி அடைத்தோம். இஸ்ஸ்ஸ் என்று ஆவி எழும்பியது. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள்... என்ட்ரியின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். மீதி ஐஸை வாசல் வரை வழியில் கொட்டினோம்.

எட்டு நிமிடம். எஞ்சினை இயக்கச் சொன்னேன். ஜனா இயக்கினார். சிவப்பு விளக்கு எரியவில்லை, பீப் சத்தமும் இல்லை. பூனை மாதிரி நின்றது.

நான் எரிந்த ரப்பர் என்று நினைத்த மணம், பட்டிக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளுடையது. அவற்றுக்கும் பனிதான் எண்ணெய். “நாற்பது மீட்டர்தான் போகும். அதுக்கு மேல ஒரு அடி போகக்கூடாது” என்றேன்.

நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? குகன் அண்ணை மேலே ட்ரோனைப் பார்த்தார், கீழே என் கறுத்த கையைப் பார்த்தார். “இப்ப எடுத்த வீடியோவில பொம்பிளை வந்திட்டா. அதைப் போட ஏலாது. வண்டிதான் சரியாச்சே, தம்பி, இன்னொரு ரவுண்ட் போ.”

சத்தியமாக இப்படித்தான் சொன்னார்.

ஜனா எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்தார். இறங்கினார் — பாதி வழியில், கூடாத இடத்தில், ஐஸ் தண்ணீருக்குள், வெறுங்காலோடு. வானம் இடிந்து விழவில்லை. சாவியை என் கையில் வைத்தார்.

“நீ வைச்சிரு. இல்லாட்டி அத்தான் இன்னொரு ரவுண்ட் ஓடுவார்.”

வாசலுக்கு நடந்து போனார். தம்பி காலைக் கழுவினான். ஏற்கெனவே ஐஸில் கழுவப்பட்ட கால். நான் சமையல் அறை வழியாக மேலே ஓடினேன். மேக்கப் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்தா. திரும்பப் பூச நேரமில்லை. என் நிறத்திலேயே கல்யாணம் செய்துகொண்டேன். தாலி ஏறும்போது பதினொன்று முப்பத்தாறு. சாவி என் இடுப்பில் செருகியிருந்தது.

அன்றில் இருந்து எனக்கு ஒரு யோசனை. என் தொழிலில் முதல் பாடமே இதுதான்: சூட்டை ஒருவராலும் அழிக்க முடியாது. வேறோர் இடத்துக்கு அனுப்பத்தான் முடியும். அதை வாங்கிக்கொள்ள யாராவது, ஏதாவது வேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு அத்தானுக்குச் சூடு ஏறினால் அது எங்கே போகிறது? ஒரு மாமாவின் கௌரவம் கொதித்தால் யார் வாங்கிக்கொள்வது? “நீ கொஞ்சம் விட்டுக்குடு பிள்ளை” என்று எப்போதும் யாரிடம் சொல்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் நாங்கள்தான் அந்தப் பனி. உருகுவது எங்கள் வேலை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று பெயர் வாங்குவது அவர்கள்.

அதுவும் நான்கு எழுத்தைக் கார்டில் இருந்து வெட்டுமளவுக்கு உருக வேண்டுமாம்.

போன கிழமை ஆல்பம் செய்கிறவர் முதல் பக்கத்துக்குப் பெயர் கேட்டு அனுப்பினார். பதில் போட்டது ஜனா. அவர் பெயர், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. என் பெயர், அதற்குப் பின்னால் நான்கு எழுத்து. பக்கம் ஒரு பக்கமாகச் சரியவில்லை, நான் அளந்து பார்த்தேன். வால்தம்ஸ்டோவில் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பெருவிரல் நேரே போய் அந்த இடத்தில் இருந்தது.

ஸ்னோமொபைல் இன்னும் மண்டபத்துக் கார் பார்க்கில்தான் நிற்கிறது. அதை இரவல் கொடுத்த குகன் அண்ணையின் நண்பர் அவசரப்படுத்துகிறாராம். குகன் அண்ணை மூன்று முறை போன் எடுத்துவிட்டார்.

சாவி தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் ஏன் சூடானது என்று மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போகலாம். முதல் முறை தெர்மோஸ்டாட் என்றார். இரண்டாம் முறை கூலண்ட் என்றார். நேற்று, கண்ணூறாகவும் இருக்கலாம் என்கிறார்.

எனக்கு அவசரம் இல்லை.